மாட்டுத் தொழுவத்தில் தொடங்குங்கள்: மினசோட்டா ஸ்டேட் ஃபேர்

கோடை பிறந்தால் போதும், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடக்கும் பெரிய சந்தையான ஸ்டேட் ஃபேரில் இந்த ஆண்டு என்னென்ன புதுத் தின்பண்டங்கள் வரப்போகின்றன என்ற பட்டியல் எங்கள் அலுவலகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். எதைக் குச்சியில் செருகியிருக்கிறார்கள், எதை எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி. மினசோட்டாவுக்குப் புதிதாக வந்து சேரும் நம்மவர்களும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசை வரிசையாக நின்று, காசைக் கரைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பிறகு, "அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

பட்டியலைத் தூர வையுங்கள் என்பதுதான் என் பதில். இது 1859இல் உழவர்களை நம்பித் தொடங்கிய சந்தை. 1885 முதல் செயின்ட் பால் நகரை ஒட்டிய இதே மைதானத்தில் நடக்கிறது. இன்று அதன் பரப்பு 322 ஏக்கர். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே அன்று முடியும் பன்னிரண்டு நாளும் திருவிழாக் கூட்டம்தான். 2019இல் 21 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மாடும் மக்காச்சோளமும் இல்லாவிட்டால் இந்தச் சந்தையே இல்லை. அவற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் சாப்பாட்டுக்கும் ஒரு பொருள் வரும்.

சென்ற ஆண்டு காங்கயம் பக்கத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்தவர். காலை ஏழு மணிக்கு வாசல் திறந்ததுமே உள்ளே போய்விட்டோம். காரை மைதானத்துப் பக்கம் கொண்டுபோகும் ஆசையே வேண்டாம். ஊரைச் சுற்றிப் பல இடங்களில் இலவசமாக நிறுத்திவிட்டு, இலவச பஸ்ஸிலேயே வரலாம். பல காட்சிக் கூடங்கள் ஒன்பது மணிக்குத்தான் திறக்கின்றன. ஆனால் மாடுகள் யாருக்கும் காத்திருப்பதில்லை. விடிந்ததுமே பள்ளிப் பிள்ளைகள் அவற்றைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, காற்றடித்து ஈரத்தை உலர்த்தி, முதுகு முடியை ஒரே மட்டமாகக் கத்தரித்துக்கொண்டிருப்பார்கள். ஃபோர்-எச் இளைஞர் அமைப்பின் வழியாகத் தத்தம் மாவட்டத்தில் வென்று வந்த பிள்ளைகள் அவர்கள்.

"கொம்பையும் காணோம், திமிலையும் காணோம். இதென்ன மாப்பிள்ளை, மொட்டையாக நிற்கிறது?" என்றார் அத்தை. அடுத்த நிமிடம் ஹோல்ஸ்டைன் என்ற கறவை இன மாடு ஒன்றின் பின்பக்கம் போய்க் குனிந்து மடியைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்கச் சொன்னார். மாட்டைப் பிடித்திருந்த சிறுமி, நாளுக்கு எண்பது பவுண்டு என்றாள். இங்கே பண்ணைக்காரர்கள் பாலை எடைக்கணக்கில்தான் சொல்வார்கள். நான் கணக்குப் போட்டு, 35 லிட்டர் என்றேன். அத்தை நம்பவில்லை, எனக்குக் கணக்கு வராது என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து பிரசவக் கூடம். பசு, ஆடு, பன்றி எல்லாம் இந்தப் பன்னிரண்டு நாளும் பொதுமக்கள் கண்முன் ஈனும். நகரத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் சலிக்காமல் விளக்குவார்கள். நாங்கள் போனபோது ஒரு பசு கன்று போட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கன்று இன்னும் ஈரம் காயாமல் நான்கு காலையும் நான்கு திசையில் பரப்பி எழுந்திருக்கப் பார்த்தது. கூட்டம் கைதட்டியது. அத்தை மட்டும் கன்றைப் பார்க்கவில்லை. "நஞ்சுக்கொடி விழுந்ததா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். விளக்கிக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்து பார்த்து, இதைக் கேட்டவர் யார் என்றார். பிறகு அரை மணி நேரம் நான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் ஊரில் அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம், ஆல் பால் வடிக்கும் மரம், அதனால் பசுவுக்கும் பால் வற்றாது என்பது நம்பிக்கை என்று அத்தை சொல்ல, அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார். சீம்பாலை என்ன செய்கிறீர்கள் என்பது அத்தையின் அடுத்த கேள்வி. கன்றுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை உறையவைத்து, தாயிடம் கிடைக்காத கன்றுகளுக்குக் கொடுப்பார்களாம். வெல்லம் போட்டுக் காய்ச்சுவதே இல்லையா என்று அத்தைக்கு வருத்தம்.

பால்பொருள் கூடத்தில் இந்தச் சந்தையின் விசித்திரமான காட்சியைப் பார்க்கலாம். ஆண்டுதோறும் பால் பண்ணைக் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு 'பால்வெளி இளவரசி கே' (Princess Kay of the Milky Way) என்று பட்டம் சூட்டுவார்கள். அவருடைய தலையை 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குவார்கள். 1965 முதல் நடக்கும் வழக்கம் இது. இறுதிச் சுற்றுக்கு வந்த மற்றப் பெண்களுக்கும் ஒவ்வொரு தலை உண்டு. மெல்லச் சுழலும் கண்ணாடி அறை, உள்ளே 4 டிகிரி செல்சியஸ் குளிர். கோட்டும் கையுறையுமாக அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருக்க, எதிரே சிற்பி கத்தியால் காதோரத்தைச் சீவிக்கொண்டிருப்பார். வெளியே நாமோ ஆகஸ்ட் புழுக்கத்தில் உருகி வழியும் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு நிற்போம். லிண்டா கிறிஸ்டென்சன் என்ற சிற்பி 1972 தொடங்கி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இந்த அறையில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். முடிந்ததும் தலை அந்தந்தப் பெண்ணுக்கே சொந்தம். பலர் ஊருக்குக் கொண்டுபோய் மக்காச்சோள விருந்து வைத்துத் தீர்த்துவிடுவார்களாம். வீணாகவில்லை என்று தெரிந்தபிறகுதான் அத்தை அங்கிருந்து நகர்ந்தார்.

தோட்டக்கலைக் கூடத்தில் விதை ஓவியங்களைத் தவறவிடாதீர்கள். ஆளிவிதை, தினை, சோளம் என்று ஒவ்வொரு விதையாகப் பசையில் ஒட்டி முகங்களையும் நிலக்காட்சிகளையும் உருவாக்கியிருப்பார்கள். மினசோட்டாவில் பயிராகும் விதையாக இருக்க வேண்டும். எந்த நிறத்துக்கு எந்த விதை என்று ஓவியத்தோடு ஒரு பட்டியலும் ஒட்ட வேண்டும். கிட்டே போய்ப் பாருங்கள்: கண்ணின் வெள்ளைக்கும் அதைச் சுற்றிய தோலுக்கும் நடுவே ஒரே வரிசை விதை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் ஓவியங்களுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம்.

இனிச் சாப்பாடு. என் மனைவி சைவம். அவளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. தோலை மடக்கிக் கைப்பிடியாக்கி, உருக்கிய வெண்ணெயில் முக்கித் தரும் சுட்ட மக்காச்சோளம்தான் என் முதல் தேர்வு. ஒரு பொட்டலத்தில் மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து எடுத்துப் போங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கை நீட்டுவார்கள். அடுத்தது சீஸ் கர்ட். பதப்படாத இளஞ்சீஸ் துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்தது. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர். கடும் சைவர்கள் எண்ணெய் பொதுவானதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பொரித்த ஊறுகாய் என்று ஒன்று எங்கும் விற்கும். ஊறுகாய் என்றதும் எலுமிச்சையை நினைத்துவிடாதீர்கள். உப்பிலும் வினிகரிலும் கிடந்த வெள்ளரிக்காயில் போட்ட பஜ்ஜி. எனக்கு ஒன்று போதும். 1947 முதல் இங்கே விற்கும் ப்ரான்டோ பப் என்ற குச்சி சாசேஜுக்கு என் மகன் அடிமை.

பணத்தை வீணாக்கியது ஒரு புதுப் பண்டத்தில்தான். மகன் பிடிவாதத்துக்காக நின்றோம். மசாலா என்ற பெயரில் ஒரு உருளைக்கிழங்கு உருண்டை, மேலே கொதிக்கிறது, நடுவே ஃப்ரிட்ஜ் குளிர். அந்தக் காசுக்கு மூன்று பேர் பால் குடிக்கலாம்.

பால் என்றதும் அந்தக் கடையைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை காசு கொடுத்தால் வேண்டுமட்டும் பால், வெள்ளையும் உண்டு, சாக்லேட்டும் உண்டு. சுத்தமான, பல் கூசும் குளிர்ச்சியான பால். காய்ச்சாமல் எப்படிக் குடிப்பது என்று தயங்கிய அத்தை, பிறகு தயங்கவில்லை.

ராட்டினப் பகுதிக்கு நேரம் ஒதுக்காதீர்கள். எந்த ஊரிலும் கிடைப்பவைதான். விதிவிலக்கு 1915இல் கட்டிய ஓல்ட் மில். இருட்டுச் சுரங்கத்துக்குள் படகு மெல்ல மிதந்துபோகும். உள்ளே பார்க்க அதிகம் இல்லை. வெயிலுக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 20 டாலரை ஒட்டி வரும். முதியோருக்குச் சலுகை உண்டு. வார நாளில் போங்கள், சனி ஞாயிறு வேண்டாம். திரும்பும்போது ஸ்வீட் மார்த்தா என்ற கடையின் சாக்லேட் சிப் குக்கீ ஒரு வாளி வாங்குங்கள். விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவித்துத்தான் தருவார்கள், மூடி பொருந்தாது. வீட்டிலிருந்தே ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோய், மேலே குவிந்திருப்பதை அதற்கு மாற்றிவிட்டு பஸ் ஏறுங்கள்.