மூன்று வார லீவும் ஒரு விரிசலும்

துபாயிலிருந்து மூன்று வார லீவில் கடலூர் போயிருந்தேன். புதுப்பாளையம் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். காபி கொடுப்பதற்கு முன்பே பின்பக்கச் சுவரைத்தான் காட்டினார். ஜன்னல் மூலையில் கிளம்பிய விரிசல் கோணலாக ஏறி மாடி வரை போயிருந்தது. ஒரு ரூபாய்க் காசு விளிம்போடு உள்ளே நுழைந்தது.

"ஃபெஞ்சலுக்கு அப்புறம்தான்டா இது" என்றார். தெருவிலும் அதே பேச்சு. 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை மீறியதிலிருந்து எங்கள் ஊரில் எது உடைந்தாலும் பழி புயலுக்குத்தான். 2011 தானே புயலில் அசையாத சுவர் இது என்பது எனக்கு உறுத்தியது.

முதலில் வந்த மேஸ்திரி சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு 18,000 ரூபாய் என்றார். பூச்சைக் கொத்தி, கோழிவலை அடித்து, மறுபடி பூசி பெயிண்ட் அடிப்பாராம். அடுத்து வந்த கான்ட்ராக்டர் மூலையில் புதிதாகத் தூண் எழுப்ப 2 லட்சம் கேட்டார். விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று இருவருமே கேட்கவில்லை. என் லீவு எத்தனை நாள் என்று மட்டும் இருவரும் கேட்டார்கள்.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியர். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார், பதினொரு மணிக்கு முன்னால் போனை எடுக்கவே மாட்டார். ஆனால் வந்தவர் இரண்டு மணி நேரம் இருந்தார். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். உள்பக்கம் பார்க்க பீரோவை நகர்த்தச் சொன்னார். அங்கேயும் அதே விரிசல். "அப்போ பூச்சு மட்டும் இல்ல தம்பி, செங்கல்லே விட்டிருக்கு." மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் மூலை இறங்குகிறது என்றார். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டு ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

பிறகு அம்மாவிடம் சொட்டு நீலம் கேட்டார். "துணிக்கா?" என்றார் அம்மா. மூலையில் இரண்டடி தோண்டிவிட்டு, குளியலறையில் ஒரு வாளி நீலத் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் குழியில் நீலம் ஊறியது. மண்ணுக்குள் குழாய் இணைப்பு விட்டுப்போய், அஸ்திவாரத்தின் அடியில் மண் இளகிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளம்பர் அரை நாளில் சரிசெய்தார், கூலி 1,200. இன்ஜினியருக்கு 1,500.

ஏழாம் நாள் கண்ணாடி உடைந்தது. பதறிப்போய் போன் செய்தேன். "மண்ணு இப்போதான் காயுது, கொஞ்சம் உட்காரும். வேற ஒண்ணு ஒட்டுங்க." இரண்டாவது கண்ணாடி நான் கிளம்பும்வரை தாங்கியது. அப்போதும் அடைக்க விடவில்லை. ஐப்பசி கார்த்திகை மழை போகட்டும், அதற்கும் அசையாவிட்டால் குறுக்கே கம்பி வைத்து, சுருங்காத கலவையால் அடைக்கலாம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் ஆளிடம் அந்த 18,000-ஐக் கொடுத்திருந்தால் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன். புதுப் பூச்சுக்குப் பின்னால் மூலை பாட்டுக்கு இறங்கிக்கொண்டு இருந்திருக்கும்.

இப்போது மாதாமாதம் முதல் தேதி, என் பழைய பள்ளிக்கூட ஸ்கேலை விரிசல் பக்கத்தில் வைத்து அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். போன மாதப் படத்தில் கண்ணாடி முழுசாக இருந்தது. ஸ்கேல்தான் தலைகீழாக இருந்தது.