காலாங்கா, ஜாலான் புசாரா?

சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குக் கிளம்பும் காரைக்குடி அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, அங்கே ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க வேண்டும். எந்த மைதானம்?"

பிரமாண்டம் வேண்டுமென்றால் காலாங் தேசிய விளையாட்டரங்கம். 2014இல் திறந்தது, 55,000 இருக்கைகள், மூடித் திறக்கும் கூரை. மழைக் கவலை இல்லை. மேல்தட்டில் டிக்கெட் கிடைத்தால் ஆட்டக்காரர்கள் எறும்பாகத்தான் தெரிவார்கள்.

என் ஓட்டு ஜாலான் புசார் மைதானத்துக்கு. அது 1929இல் திறந்தபோது நம் ஊரில் பர்மா தேக்கில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மலாயா மாநில அணிகளும் சிங்கப்பூரும் மோதிய மலாயாக் கோப்பை ஆட்டங்கள் நடந்த இடம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஐயாக்களில் யாராவது நிச்சயம் பார்த்திருப்பார்கள். 1942இல் ஜப்பானியர் சீனர்களை வரிசையில் நிறுத்தி, கொல்வதற்கு ஆள் பொறுக்கியதும் இங்கேதான். மாற்றிக் கட்டிய அரங்கில் இன்று சுமார் 6,000 பேர் உட்காரலாம். முன்வரிசையில் இருந்தால், பந்து குத்தி எழும் இடத்தில் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள்கள் தெறிப்பது தெரியும். கோல்காவலர் தன் ஆட்களை அதட்டுவதும் காதில் விழும். முடிந்ததும் சிராங்கூன் சாலைக்கு நடந்துவிடலாம், இட்லிக்குப் பஞ்சமில்லை. கூரை மட்டும் எல்லாப் பக்கமும் கிடையாது.

அண்ணன் யோசித்தார். "ஆச்சியும் வருகிறாள். கூரை இருக்கிற இடத்துக்கே போகிறோம்."