ஆன்லைனில் ஸ்கூபா மாஸ்க் வாங்குகிறீர்களா? தண்ணீரில் நனைக்கும் முன் இதைப் படியுங்கள்

விளம்பரத்தில் போட்டிருந்தது: 'டெம்பர்ட் கிளாஸ், முழுக்க சிலிக்கான், ஸ்கூபாவுக்கு ஏற்றது.' சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீருக்கடியில் நீந்தும் எங்கள் ஸ்கூபா டைவிங் குழுவுக்கு வந்து சேர்ந்தது பிளாஸ்டிக் லென்ஸும் பிவிசி ஸ்கர்ட்டும் (முகத்தில் படியும் ரப்பர் போன்ற பகுதி). திருப்பி எடுக்கச் சொன்னால், 'நனைத்துவிட்டீர்கள், பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்' என்று பதில். அதனால் எல்லாச் சோதனையையும் வீட்டிலேயே, உலர்ந்த நிலையிலேயே முடித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

முதலில் கண்ணாடி. லென்ஸ் ஓரத்தில் 'டெம்பர்ட்' என்றோ, அதன் முதல் ஆங்கில எழுத்தான 'டி' என்றோ பொறித்திருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கூரான சில்லுகள் கண்ணுக்கு அருகிலேயே சிதறும். டெம்பர்ட் கிளாஸ் மழுங்கிய சிறு துண்டுகளாக நொறுங்கும். பிளாஸ்டிக் லென்ஸில் சீக்கிரம் கீறல் விழும், பனிப்படலத்தைத் துடைத்துத் தீர்க்கவும் முடியாது.

அடுத்து ஸ்கர்ட். ஓரத்தை மடக்கி விடுங்கள். நல்ல சிலிக்கான் உடனே பழைய வடிவுக்குத் திரும்பும். பிவிசி விறைப்பாக இருக்கும், மெதுவாகத் திரும்பும், நாளாக ஆக இறுகி முகத்தில் படியாமல் போகும். இழுத்துப் பிடித்த இடம் வெளுத்தால் கலப்படம் என்று சந்தேகப்படுங்கள்.

மூக்கை மூடும் பகுதி இல்லாத மாஸ்க்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று சுருங்க, மாஸ்க் முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டால்தான் அது சமனாகும். நீச்சல் கண்ணாடியில் இதற்கு வழியே இல்லை. கண்ணின் வெள்ளைப்பகுதியில் ரத்தம் கட்டும். முகம் முழுக்க மூடும் ஸ்நார்கல் (நீருக்கு மேல் நீளும் சுவாசக் குழல்) மாஸ்க்கையும் 'டைவிங்' என்று சேர்த்தே விற்கிறார்கள். அது நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்க மட்டும்தான். மூக்கைப் பிடித்துக் காதடைப்பை நீக்க முடியாது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டரையும் வாயில் வைக்க முடியாது.

பொருத்தம் பார்க்க ஸ்ட்ராப் போடாதீர்கள். மாஸ்க்கை முகத்தில் வைத்து, முடி எதுவும் இடையில் சிக்காமல், மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் நிற்க வேண்டும். ரெகுலேட்டரையோ ஸ்நார்கலையோ வாயில் கடித்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். வாய் திறக்கும்போது கன்னம் அசைந்து இடைவெளி விழும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழேதான் நீர் கசியும். ஸ்ட்ராப்பை இறுக்கினால் கசிவு நிற்காது, ஸ்கர்ட் கோணலாகி அதிகமாகும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் லென்ஸ் மாற்றக்கூடிய இரட்டை லென்ஸ் மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

புது மாஸ்க் பனிப்பதற்காக அதைக் குறை சொல்ல வேண்டாம். தயாரிப்பின்போது கண்ணாடியில் படியும் சிலிக்கான் படலம்தான் காரணம். ஜெல் அல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டால் உள்பக்கம் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். சிறப்புப் பூச்சு உள்ள லென்ஸுக்கு இது கூடாது. நனைத்தால் திருப்ப முடியாது என்பதால், மற்றவை எல்லாம் சரியென்று உறுதியான பிறகே செய்யுங்கள்.

இந்தியாவில், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மறுத்தால் விளம்பரப் படம், வீடியோ, ரசீதுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். விளம்பரத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.