லேசிக் பண்ணின கண்ணுக்கு லென்ஸ்: தோ பாயோ கடை அனுபவம்

2009ல லேசிக் பண்ணினேன், அதாவது கண்ணாடி போடாம இருக்க லேசர்ல கருவிழியச் செதுக்குற ஆபரேஷன். பத்து வருஷத்துக்கு மேல கண்ணாடியே தொடல, அப்புறம் மெல்ல பவர் திரும்பிடுச்சு. நான் சிங்கப்பூர்ல ராத்திரில கிராப் கார் ஓட்டுறவன், பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் வளையம் வளையமா தெரிய ஆரம்பிச்சது, கண்ணாடி போட்டும் போகல.

மொதல்ல போன கண்ணாடிக் கடைல லேசிக் பண்ணிருக்கேன்னு சொன்னேன், பரவால்லன்னு பவர் மட்டும் பார்த்து சாஃப்ட் லென்ஸ் குடுத்தாங்க. கண்ண சிமிட்டினா தெளிவு, ரெண்டு செகண்ட்ல மறுபடி மங்கல். ரெண்டு மாசக் காசு வீண், ரொம்ப வேதனையா இருந்துச்சு.

அப்புறம்தான் தோ பாயோல புளோக்குக்கு கீழ இருக்கிற இந்தச் சின்ன கடைக்குப் போனேன். ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணப் பரிசோதிச்சு லென்ஸ் குடுக்கறவங்க, நம்ம தமிழ்க்கார அம்மா. "அண்ணே, பவர் இருக்கட்டும், மொதல்ல கண்ணோட ஷேப்பைப் பார்ப்போம்"னாங்க. டோப்போகிராஃபி, அதாவது கருவிழியோட வளைவைக் காட்டுற கலர் மேப் எடுத்து ஸ்கிரீன்ல காட்டினாங்க, நடுவுல நீலம், சுத்தி ஆரஞ்சு வளையம். நீலம்னா லேசிக்ல தட்டையான இடமாம். குடை மாதிரி வளைஞ்ச லென்ஸை தட்டையான மேட்டு மேல வச்சா நடுவுல தூக்கிட்டுதானே நிக்கும், மங்கலுக்குக் காரணம் அதுதான். பவர் திரும்பினா சில பேருக்கு கருவிழி மெலிஞ்சு பிதுங்குறதும் காரணமா இருக்கலாம்னு, டாக்டர்கிட்ட காட்டி அது இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் லென்ஸ் பேச்சையே எடுத்தாங்க, அந்தப் பொறுப்பு எனக்கு ரொம்பப் புடிச்சது.

எனக்கு ஒத்து வந்தது ஸ்க்லீரல் லென்ஸ். சைஸ் பெரிசு, 16 மில்லிமீட்டர், கருவிழியத் தொடாம வெள்ளை முழி மேல உக்காருது, நடுவுல சலைன்ங்கற சுத்தமான உப்புத் தண்ணி நிக்குது, லேசிக்குக்கப்புறம் வறண்டு போன கண்ணுக்கும் அது இதமா இருக்கு. டிரையல் லென்ஸ்ல பச்சையா தெரியுற சாயம் கலந்து மாட்டி, நீல வெளிச்சத்துல பார்த்தாங்க. லென்ஸ் கொஞ்சம் அமுங்கி இறங்கும்னு முக்கால் மணி நேரம் உக்கார வச்சு திரும்பவும் பார்த்தாங்க. மூணு தடவ போக வேண்டியிருந்துச்சு, ஒரு லென்ஸ் மாத்தி செஞ்சாங்க, ஒரு தடவகூட அவசரப்படுத்தல.

மாட்டுறதுக்குப் பழகணும். சின்ன ரப்பர் கப் மேல லென்ஸ வச்சு, விளிம்பு வரைக்கும் சலைன் ஊத்தி, மூஞ்சிய அப்படியே தரையப் பார்த்துக் குனிஞ்சு, கண்ண அதுக்குள்ள இறக்கணும். ஒரு குமிழி உள்ள நின்னாலும் கழட்டி முதல்ல இருந்துதான். குழாய்த் தண்ணிய பக்கத்துலயே கொண்டு வராதீங்கன்னு நாலு தடவ சொன்னாங்க. முதல் வாரம் அரை மணி நேரம் ஆச்சு, இப்ப அஞ்சு நிமிஷம்.

விலை சாஃப்ட் லென்ஸ விட பல மடங்கு, அத மறைக்கல. ஆனா போன வாரம் சாங்கில இருந்து ஜூரோங் வரைக்கும் ராத்திரி ஓட்டினேன், வளையம் முக்காவாசி போச்சு, ரோட்டுக் கோடு கோடாவே தெரிஞ்சது.

போறவங்க லேசிக் பண்ணின பேப்பர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டுப் போங்க. இன்னொன்னு, லேசிக் பண்ணினவங்களுக்கு கண் பிரஷர் மெஷின்ல குறைச்சு காட்டுமாம், எந்தக் கண் டாக்டர்கிட்ட போனாலும் மறக்காம சொல்லிடுங்க.