கைத்தடிக்கு மதிப்பெண் உண்டு, கூட வந்த தாளுக்கு இல்லை

எனக்கு வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். வலி தொடையிடுக்கில் தொடங்கி முழங்கால் வரை இறங்கும். அதனால் வீட்டில் எல்லோரும் முழங்கால் வலி என்றே முடிவு கட்டியிருந்தார்கள். டாக்டர் என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை, வலிதான் வந்தது. எக்ஸ்ரேயிலும் தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கும் அது உட்காரும் இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி குறைந்திருந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், தசைகளுக்குப் பயிற்சி செய்யுங்கள், கையில் ஒரு தடி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படி வாங்கியதுதான் இந்த உயரம் மாற்றும் அலுமினியத் தடி.

தடியில் பெரிய குறை இல்லை. லேசாக இருக்கிறது. பிடி தட்டையாக இருப்பதால் உள்ளங்கையில் குத்துவதில்லை. உயரத்தைப் பூட்டும் பொத்தான் மட்டும் நடக்கும்போது டக் டக் என்கிறது. அதன் கீழே உள்ள வளையத்தை இறுக்கினால் அடங்கிவிடும்.

கூட வந்த குறிப்புத்தாள்தான் மோசம். அதிலுள்ள படத்தில் ஒருவர் வலிக்கும் கால் பக்கமே தடியைப் பிடித்திருக்கிறார். இடுப்பு வலிக்கு அது தலைகீழ். வலது கால் நோயாளி என்றால் தடி இடது கையில்தான் இருக்கவேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பு சாயாமல் பிடித்திழுப்பது அதே பக்கத்துப் பிட்டத் தசைகள். அவை இழுக்கிற இழுப்பும் சேர்ந்து மூட்டை அமுக்குகிறது. எதிர்க்கை தடியை ஊன்றினால் அந்த இழுப்பில் ஒரு பங்கு குறையும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது இது. தடியும் வலிக்கும் காலும் சேர்ந்தே முன்னால் போகவேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

உயரம் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். ஊன்றும்போது முழங்கை கொஞ்சம் மடங்கும், அது சரிதான். அதற்கு மேல் உயர்த்தினால் தோள்பட்டை வலிக்கு வேறு வைத்தியம் தேட வேண்டிவரும்.

அப்புறம், இந்தத் தடி வலி நிவாரணி மாத்திரைகளைக் கொஞ்சம் தள்ளிப்போட உதவுகிறது. இந்த வயதில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பார்க்கவேண்டியிருப்பதால் எனக்கு அது பெரிய விஷயம்.

ஐந்துக்கு மூன்றரை. வாங்குகிறவர்கள் அடிமுனை ரப்பரையும் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். ரப்பரின் அடியிலுள்ள வரிகள் மழுங்கிவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும். தண்டின் தடிமனுக்கு ஏற்ற அளவா என்று பார்த்து எடுங்கள்.