எனாலாப்ரிலா, டெல்மிசார்டனா: இருமலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை எடுக்க வேண்டிய நிலை வந்தபோது, மருத்துவர் எனாலாப்ரில், டெல்மிசார்டன் ஆகிய இரண்டையும் சொல்லி, இரண்டுமே எனக்குப் பொருந்தும் என்றார். நான் டெல்மிசார்டனைத் தேர்ந்தேன்; ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானதன்று.

இரண்டின் இலக்கும் ஆஞ்சியோடென்சின் II என்ற, எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடுதான். கல்லீரல் உண்டாக்கும் ஒரு பெரிய புரதத்தைச் சிறுநீரகத்தின் ரெனின் என்ற நொதி வெட்டும்போது, பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் I பிறக்கிறது. நுரையீரலின் இரத்தக்குழாய்ச் சுவர்களில் நிறைந்திருக்கும் ஏசிஇ என்ற நொதி அதிலிருந்து இரண்டைக் கழித்ததும், குழாய்களை இறுக்கவும், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வழியாக உப்பையும் நீரையும் உடலில் தேக்கவும் வல்லதாக அது மாறிவிடுகிறது. எனாலாப்ரில் அந்த நொதியை முடக்குகிறது. டெல்மிசார்டனோ நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் II சென்று பொருந்தும் ஏற்பியை அடைக்கிறது. அழுத்தத்தைக் குறைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது. இரண்டிலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும், இரத்தத்தின் பொட்டாசியத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இன்னொரு பெப்டைடு: ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட பிராடிகைனின். இது நைட்ரிக் ஆக்சைடை வெளிவரச் செய்து குழாய்களைத் தளர்த்துவது. பிரேசிலில் மவுரிசியோ ரோச்சா இ சில்வா குழுவினர் 1949-இல் ஜராராகா என்னும் விரியனின் நஞ்சைக் கொண்டு செய்த ஆய்வில் இதைக் கண்டறிந்தனர். இதன் ஆற்றலைக் கூட்டும் பொருள் அதே நஞ்சில் இருப்பதைச் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-இல் காட்டினார். அந்த வழியில் வந்ததே 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில். எனாலாப்ரில் அதன் தம்பி. இறுக்கும் பெப்டைடை ஆக்குவதும், தளர்த்தும் பெப்டைடைச் சிதைப்பதும் ஏசிஇ என்ற ஒரே நொதிதான் என்பதால், அதை முடக்கினால் இரட்டை இலாபம் என்று தோன்றும். ஆனால் சிதையாமல் மூச்சுப்பாதையில் சேரும் பிராடிகைனின் அங்குள்ள நரம்புகளை உறுத்துவதே வறட்டு இருமலுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அரிதாக உதடும் நாக்கும் வீங்கி, மூச்சே அடைபடும்.

2008-இல் வெளிவந்த ஆன்டார்கெட் ஆய்வில், எனாலாப்ரிலின் இனமான ராமிப்ரிலை இருமலால் கைவிட்டவர்கள் 4.2 சதவீதம், டெல்மிசார்டனைக் கைவிட்டவர்கள் 1.1 சதவீதம். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களை முன்னோட்டக் கட்டத்திலேயே விலக்கிய பின் கிடைத்த கணக்கு இது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைத் தடுப்பதில் டெல்மிசார்டன் பின்தங்கவில்லை.

நான்கு சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் இந்த இருமல் மாத்திரை தொடங்கிய சில நாள்களிலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். சென்னையிலோ இருமலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மெட்ரோ பணிகளின் தூசி, போகிப் புகை, மழைக்காலச் சளி என்று ஏதாவது ஒன்றின்மேல் பழி விழ, சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் எக்ஸ்ரேயும் முறைவைத்து வரும். காலையில் விழுங்கும் மாத்திரையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும் இருமல் இது. எரிச்சலில் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையையே விட்டுவிடுபவருக்கு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய அச்சமாக இருந்தது.

எனாலாப்ரிலுக்கும் வலுவான பக்கம் உண்டு. கடுமையான இதயச் செயலிழப்பில் அது இறப்பைக் குறைத்ததை 1987-இலேயே கன்சென்சஸ் ஆய்வு காட்டிவிட்டது. என் அனுபவம் அழுத்தம் மட்டும் கூடியவரின் அனுபவம். இதயம் தளர்ந்தவர்கள் இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆயினும் அங்கும் பிராடிகைனின் குறுக்கிடுகிறது: உப்பையும் நீரையும் வெளியேற்ற இதயம் சுரக்கும் நேட்ரியூரெட்டிக் பெப்டைடுகளைக் காக்கும் சாகுபிட்ரில் என்ற மருந்து, பிராடிகைனினையும் ஓரளவு தேக்கிவைப்பதால், எனாலாப்ரில் வகையுடன் சேர்க்கப்படாமல் டெல்மிசார்டனின் இனமான வால்சார்டனுடன்தான் தரப்படுகிறது.

டெல்மிசார்டனில் ஒரு தொல்லை உண்டு: மாத்திரை ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் அதை உரித்து வாரப் பெட்டியில் போட்டு வைப்பது சரியன்று. பெட்டியை விட முடியாதவர்கள் அட்டையைக் கத்தரித்து, உறையோடு போட்டுவைத்து, விழுங்கும்போது மட்டும் பிரிக்கலாம்.