ஃபைபர்கிளாஸ் லைனிங் போட்ட நீச்சல் குளம்: பல வருடம் தண்ணீரில் கிடந்த பிறகு எந்தப் பொருள் நிற்கிறது

புதிதாக லைனிங் போட்ட குளம், எந்த ரெசினில் (கண்ணாடி இழையை நனைத்து இறுகும் பிசினில்) போட்டிருந்தாலும், முதல் வருடம் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவர் வழவழப்பாக இருக்கும், பாசி அவ்வளவாகப் பிடிக்காது, துடைத்தால் அழுக்கு போய்விடும். மூன்று நான்கு வருடம் போனால்தான் வித்தியாசம் வெளியே வரும். ஒரு குளத்தில் கை வைத்தால் மேற்பரப்பு இன்னும் சீராக இருக்கும். இன்னொன்றில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தட்டுப்படும். வேறொன்றில் தரை ஒரு பக்கம் அப்படியே தூக்கிக்கொண்டு நிற்கும். பொருள் வாங்கும்போது எல்லோரும் மேலே தெரியும் நிறத்துக்கும் பளபளப்புக்கும்தான் யோசிக்கிறார்கள். ஆனால் லைனிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பது கான்கிரீட்டை ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு. கையில் இருக்கும் காசில் நல்ல பங்கு அங்கே போக வேண்டும்.

காரணம் எளிது. குளத்து லைனிங்குக்கு இரண்டு பக்கமும் ஈரம். முன்பக்கம் குளோரின் கலந்த தண்ணீர். பின்பக்கம் கான்கிரீட்டின் வழியாக வரும் ஈரம், அதுவும் காரத்தன்மையோடு. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீர் மெதுவாக உடைக்கும். காரம் சேர்ந்தால் அந்த வேலை வேகமாக நடக்கும்.

ரெசின்களில் விலை குறைந்தது ஆர்த்தோ பாலியெஸ்டர். கூரைத் தகடு, அலங்கார வேலைகளுக்கு அது சரி. குளத்துக்கு வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஐசோ பாலியெஸ்டர் தண்ணீரைத் தாங்கும், குளத்துக்கு இதுதான் குறைந்தபட்சத் தரம். வினைல் எஸ்டரில் எஸ்டர் பிணைப்புகள் எண்ணிக்கையில் குறைவு, அவையும் சங்கிலியின் நுனிகளில் இருக்கின்றன. அதனால் தண்ணீருக்கும் காரத்துக்கும் நன்றாகவே ஈடுகொடுக்கும். முழுக் குளத்தையும் வினைல் எஸ்டரில் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பிரைமரும் (கான்கிரீட்டில் நேராக அடிக்கும் முதல் பூச்சு) முதல் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) அடுக்கும் வினைல் எஸ்டர், அதற்கு மேல் ஐசோ என்று பிரித்துக்கொள்ளலாம். இந்தக் கலவை நன்றாக நிற்கிறது. வாங்கும்போது டிரம்மில் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது முக்கியம். வினைல் எஸ்டர் சில மாதங்களிலேயே கெட்டியாக ஆரம்பிக்கும். வெயிலில் வைத்திருந்த டிரம் இன்னும் சீக்கிரம் கெடும்.

எபாக்சி நன்றாக ஒட்டும், தண்ணீரையும் தாங்கும். ஆனால் சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் கரைப்பானாக இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் இளகாது, மூலைகளில் படியாது. எபாக்சி என்றால் நெய்த துணியோ தைத்த துணியோதான் வாங்க வேண்டும். எபாக்சிக்கு மேலே பாலியெஸ்டர் ஜெல் கோட் (நிறம் சேர்த்த ரெசின் பூச்சு) அடித்தால் பல நேரம் அது சரியாக இறுகாது, ஒட்டவும் ஒட்டாது. எபாக்சியில் தொடங்கினால் எபாக்சியிலேயே முடிக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் அது மஞ்சளித்து மாவுபோல் உதிரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மேட்டில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள வகை இரண்டு அடுக்கு போதும். அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் கிடைக்கும். பவுடர் பசை, எமல்ஷன் பசை என்று இரண்டு விதம் வரும். எமல்ஷன் வகை கையில் மென்மையாக இருக்கும், போடவும் சுலபம், ஆனால் அந்தப் பசை தண்ணீரை உறிஞ்சும். குளத்துக்குப் பவுடர் வகைதான். மேலே 30 கிராம் சர்ஃபேஸ் டிஷ்யூ (மெல்லிய இழைத் தாள்) ஒரு அடுக்கு கட்டாயம். இழை நுனிகள் மேற்பரப்புக்கு வராமல் ரெசின் நிறைந்த படலத்தை அது பிடித்து வைக்கிறது. டிஷ்யூவை மிச்சம் பிடித்த குளங்களில், சில வருடத்தில் கடைசி மேல்பூச்சான டாப் கோட் தேய்ந்ததும் இழை வெளியே வந்து குளிப்பவர்களுக்குத் தோல் அரிக்கும். வோவன் ரோவிங் (தடித்த இழைகளை நெய்த துணி) பலமானதுதான், ஆனால் குளத்துக்கு அந்தப் பலம் தேவையில்லை. அதன் கட்டம் கட்டமான நெசவு மேலே தெரியும், அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பும் குறைவு.

அளவு பார்ப்போம். 8 மீ. நீளம், 4 மீ. அகலம், சராசரி 1.4 மீ. ஆழம் உள்ள குளத்தில் தரை 32, சுவர் 33.6, ஆக ஏறக்குறைய 66 சதுர மீட்டர். மேட் இரண்டு அடுக்குக்கு 59 கிலோ, ஒரு மேட்டின் ஓரத்தின் மேல் அடுத்தது 50 மி.மீ. ஏறிப் படிவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 65 கிலோ. மேட் தன் எடையைப் போல 2.3 மடங்கு ரெசின் குடிக்கும், அது 150 கிலோ. பிரைமருக்கு சதுர மீட்டருக்கு 300 கிராம், டிஷ்யூவுக்கும் அதே அளவு, சேர்த்து 40 கிலோ. சேதாரத்தோடு 200 கிலோ ரெசின். அதில் பாதி வினைல் எஸ்டராக இருந்தால் பிரைமருக்கும் முதல் அடுக்குக்கும் சரியாக இருக்கும். டாப் கோட் இரண்டு கை, சதுர மீட்டருக்கு மொத்தம் 1 கிலோ. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் 4 கிலோ. ஆள் வந்து “120 கிலோ ரெசின் போதும்” என்றால், ஒன்று ஒரு அடுக்கைக் குறைக்கப் போகிறார், இல்லையென்றால் மேட் காய்ந்து கிடக்கப் போகிறது.

ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். தராசில் நிறுத்துதான் ஊற்ற வேண்டும். வெயில் அதிகம் என்று 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் ரெசின் கெட்டியாகும், ஆனால் முழுதாக இறுகாது. பிற்காலக் கொப்புளத்துக்கு அதுவே விதை. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனியாக வந்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்டனரைத் தொட வேண்டும். கோபால்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். வினைல் எஸ்டரில் சாதாரண ஹார்டனர் நுரைக்கும், அந்த நுரை குமிழாக மேட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதற்கென்று வரும் நுரைக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது, குளத்தின் அடியில்தான் தேங்கும். காற்றுப்போக்கி, கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி, கண்ணாடி இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

எவ்வளவு நல்ல ரெசினும் ஈரக் கான்கிரீட்டில் நிற்காது. பழைய பெயிண்ட், பசை, பொரிந்த பூச்சு எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுத்து, சுத்தியலால் தட்டி வெற்றுச் சத்தம் வரும் இடங்களை உடைத்துப் பூச வேண்டும். புதுச் சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் கொடுங்கள். பிறகு அரை மீட்டர் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கான்கிரீட்டில் கருமையோ தெரிந்தால் பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள். நிலத்தடி நீர் உயரமாக உள்ள இடத்தில் அடி வடிகாலில், நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் குளத்தைக் காலி செய்யவே கூடாது, குளமே மேலே எழும்பிவிடும். அந்த நீர் பின்னாலிருந்து தள்ளினால் எந்த லைனிங்கும் கழன்றுவரும்.

பிரைமரை மாலையில் அடிப்பது நல்லது. காலையில் கான்கிரீட் சூடேறும்போது அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து, ஈரப் பிரைமரில் ஊசித்துளைகளாக வெளியேறும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 50 மி.மீ. வளைவு கொடுத்துப் பூச வேண்டும். கூர் மூலையில் மேட் படியாமல் பாலம்போல் நிற்கும், அதன் பின்னால் காற்றறை உருவாகும். மேல் விளிம்பில், டைல்ஸுக்குக் கீழே, 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி வெட்டி மேட்டை அதற்குள் மடக்கி முடிக்க வேண்டும். லைட், ரிட்டர்ன் குழாய், ஸ்கிம்மர், வடிகால் ஓரங்களிலும் அப்படியே. பிரிந்துவரும் லைனிங்கில் பிரிவு பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் தொடங்குகிறது, நடுவில் அல்ல.

டாப் கோட் என்பது மெழுகு சேர்த்த ஜெல் கோட். மெழுகு மேலே எழும்பிக் காற்றைத் தடுத்தால்தான் மேற்பரப்பு பிசுபிசுக்காமல் இறுகும். கடைசிக் கையில் மட்டும் மெழுகு. முதல் கையிலேயே கலந்துவிட்டால் இரண்டாவது கை ஏடுஏடாக உரியும். ஐசோ-என்பிஜி (என்பிஜி என்பது நியோபென்டைல் கிளைக்கால்) வகை ஜெல் கோட்டைக் கேளுங்கள். கெட்டியாக்கச் சுண்ணப்பொடி கலக்கும் பழக்கம் குளத்துக்கு ஆகாது, அமிலம் பட்டால் அது கரையும். நிறத்தில் வெள்ளை, வெளிர்நீலம். அடர்நீலம் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், ஆனால் குளோரின் வெளுப்பும் சுண்ணக்கறையும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

கடைசிக் கை அடித்து ஒரு வாரமாவது தண்ணீர் விடாமல் காத்திருக்க வேண்டும். அசிட்டோன் தொட்ட துணியால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. பயன்பாட்டில் பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம். குளோரின் மாத்திரை தரையில் கிடந்தால் அந்த இடம் வட்டமாக வெளுத்துவிடும், எதைத் தேய்த்தாலும் திரும்பாது. செம்பு கலந்த பாசிக்கொல்லி வேண்டாம், கறை பிடிக்கும். உப்பு குளோரினேட்டர் இருந்தால் பிஎச் ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் மட்டத்தில் சுண்ணம் படியும். வாரம் இரண்டு முறை பார்த்தால் போதும்.

கொப்புளம் வந்துவிட்டால் முதலில் எந்த வகை என்று பாருங்கள். நாணய அளவில் இருந்தால் அது ரெசினுக்குள் நடந்த சிதைவு. குத்தினால் அழுத்தத்தோடு பீய்ச்சும், நீர் பிசுக்காக, வினிகர் போன்ற காட்டத்தோடு இருக்கும். கண்ணாடி போடாமல் குத்தாதீர்கள். அதற்கு அவசரம் இல்லை. அடுத்த முறை குளம் காலியாகும்போது கிரைண்டரால் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, வினைல் எஸ்டர் புட்டியும் மேட் துண்டும் வைத்து மூடலாம். உள்ளங்கை அளவுக்கு மேல் உப்பி, தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டு, உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால் லைனிங் கான்கிரீட்டை விட்டுவிட்டது. அதைத் தள்ளிப்போடக் கூடாது, ஒவ்வொரு மாதமும் அகலமாகும். சத்தம் கெட்டியாகக் கேட்கும் இடம்வரை வெட்டி எடுத்து, விளிம்பை 40, 50 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டு அதை அடைத்த பிறகே புது மேட் போட வேண்டும்.